வாளித் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும்

சென்ற செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் ஒரு கூழாங்கல்லுக்குத் தீட்டுப் பட்டுவிட்டது. சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் – இந்தப் பக்கத்தை நிரப்புகிற நேரம் போக, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். யுத்தம் வந்ததிலிருந்து பேப்பர் பஞ்சம். இந்தப் பத்திரிகையே எப்படி இளைத்துவிட்டது, பார்க்கிறீர்கள் அல்லவா? இங்கிலீஷ் ரீடர் எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. வந்திருந்தால் மட்டும் என்ன? பனிக்கட்டியில் சறுக்கி விளையாடும் துரை வீட்டுக் குழந்தையைப் பற்றி எங்கள் பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல ஒப்பித்திருப்பார்கள்.

புத்தகம் இல்லாவிட்டால் போகிறது என்று ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி வகுப்பின் நடுவே வைத்தேன். கூழாங்கல், புளியங்கொட்டை, ஆணி, மலையிலிருந்து வந்த உலர்ந்த ஏலக்காய்... எது மூழ்கும், எது மிதக்கும்? ஒவ்வொருவராக வந்து போட்டுப் பார்க்க வேண்டும். போட்டபடியே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். "ஐ புட் தி ஸ்டோன் இன் தி வாட்டர். இட் சிங்க்ஸ்." விஞ்ஞானத்துக்கு விஞ்ஞானம், இங்கிலீஷுக்கு இங்கிலீஷ். நான் போட்ட சட்டம் ஒன்றுதான் – கை செய்ததைத்தான் வாய் சொல்ல வேண்டும். கை செய்யாததைச் சொல்லக் கூடாது.

பிள்ளைகள் என்ன வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறீர்கள்! அதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் ஏலக்காயை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் சண்டை போட்டார்கள். "இட் ஃப்ளோட்ஸ்!" "நோ, இட் சிங்க்ஸ்!"

எல்லாரையும்விட வேகம் வீராயி. சேரியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வருகிற ஒரே பெண். கடைசி ஓரத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டிருப்பவள். அவளும் வந்தாள், கல்லைப் போட்டாள், பிசகில்லாமல் சொன்னாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் சாயங்காலம் வரைதான் தங்கியது. மறுநாள் காலையில் பள்ளிக்கூட மானேஜர் வந்து நின்றார். பள்ளிக்கூடம் அவருடையது. என் வேலையும் அவர் கையில்.

"வாத்தியாரே, நாலு பேரு வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போறாக. ஒரே வாளித் தண்ணிக்குள்ள எல்லாப் பிள்ளைகளும் கையை விடுதுகளாமே? வீராயியுமா?"

"ஆமாய்யா. பாடமே அதுதானே?"

"அவ கை வைக்க வேணாம். சுந்தரம் கல்லைப் போடட்டும், அவ அங்கன ஓரமா நின்னு வாயால சொல்லட்டும். இங்கிலீசு வாயிலதான இருக்கு? கையிலயா இருக்கு? முடியாதுன்னா அவ பேரை அடிச்சிருங்க."

"இது குடிக்கிற தண்ணி இல்லைங்கய்யா. கல்லைப் போடுற தண்ணி."

"தண்ணி தண்ணிதான்."

வாளியைக் கழுவிக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். பழைய கூழாங்கல் வேலிக்கு அப்பால் போயிற்று. பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். பாடம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

முன்வரிசைப் பையன் சுந்தரம் புதுக் கல்லைப் போட்டான். வீராயி என்னையே பார்த்தாள்.

"நான் போடலையே சார். அவுகல்ல போட்டாக."

இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரே வகுப்பு. அவனுக்கு இவள் மரியாதையாக 'போட்டாக' போடுகிறாள்! எனக்கு உடம்பே கூசிவிட்டது.

"சும்மா வாயால சொல்லு ஆத்தா" என்று மானேஜர் செல்லமாக அதட்டினார்.

வீராயி வாளியைப் பார்த்தாள். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "சுந்தரம் புட்ஸ் தி ஸ்டோன் இன் தி வாட்டர். ஐ ஸ்டாண்ட் ஹியர்."

சுந்தரம் கல்லைப் போடுகிறான். நான் இங்கே நிற்கிறேன்!

மானேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீகளா வாத்தியாரே! கையே வைக்காம எம்புட்டு அழகாப் பேசுது!"

அவருக்கு இங்கிலீஷ் தெரியாதா? தாசில்தாரிடம் இங்கிலீஷிலேயே பேசுகிறவர் ஐயா! ஒரு சின்னப் பெண் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுகிறாள். இவர் உச்சரிப்புக்கு மார்க் போடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை அங்கேயே உதைத்துத் தள்ளியிருப்பேன்.

நாம் படிப்பு படிப்பு என்று அடித்துக்கொள்வது இதைத்தானா? கையைக் கட்டிப்போட்டுவிட்டு வாயை மட்டும் வளர்ப்பது? மேடைக்கு மேடை சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்த் தனித் தம்ளர் வைக்கிற பெரிய மனிதர்களைப் பார்க்கும்போது, இவர்கள் எங்கே படித்தார்கள் என்று யோசித்திருக்கிறேன். இனி யோசிக்க மாட்டேன். இப்படி ஓரமாக நின்று ஒப்பித்துப் பாஸானவர்கள்தான்!

வெள்ளிக்கிழமை, இயற்கைப் பாடம் என்று சொல்லி வகுப்பையே வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனேன். திருவாங்கூர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்ட தண்ணீர். வழியில் எத்தனை ஊர் எருமைகள் புரண்டனவோ... அது யாருக்கும் தீட்டில்லை.

"வீராயி, நீ முதல்ல வா" என்றேன்.

கரையில் உட்கார்ந்து முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். விட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஏலக்காயை விட்டாள். "ஐ புட் இட் இன் தி வாட்டர். இட் ஃப்ளோட்ஸ்!" சொன்ன குரல் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

ஏலக்காய் மிதந்து போயிற்று. வகுப்பு முழுக்க "இட் ஃப்ளோட்ஸ், இட் ஃப்ளோட்ஸ்" என்று கத்திக்கொண்டு கரையோடு கூடவே ஓடியது. வீராயிதான் முன்னால். ஏலக்காய் ஒரு மடையில் திரும்பி வயலுக்குள் நுழைந்தது. யார் வயல்? மானேஜர் ஐயாவின் வயல்.

அவர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர். இதையும் வாசிப்பார். வாசிக்கட்டும். அதற்குப் பிறகு நான் வாத்தியாராக இருப்பேனா, தெரியாது. வீராயியின் பேர் ரிஜிஸ்தரில் இருக்குமா, அதுவும் தெரியாது. அவளுக்காகத்தான் பயம்.

ஆனால் ஒன்று. இதை எழுதுகிற நேரம் வரைக்கும் அவர் அந்த மடையை அடைக்கவில்லை – தண்ணி தண்ணிதான் போலிருக்கிறது!