வராத புத்தகங்களுக்கு வைத்த கையெழுத்து

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இதை ஒளித்ததில்லை. கூட்டங்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நானே சொல்வேன். மூன்றாம் வகுப்புக்காரனிடம் இன்று ஒரு நெல் ஆலை, இரண்டு டிப்பர் லொறி, ஒரு உழவு மெஷின், எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், வாய்க்காலை ஒட்டிய நல்ல வயல் எல்லாம் இருக்கின்றன என்றால், அதை யாரும் தூக்கித் தரவில்லை. ஊரில் என்னைப் போடியார் என்று கூப்பிடுகிறார்கள். வயலும் ஆட்களும் உள்ள பெரிய மனிதருக்குத்தான் அந்தப் பெயர். என் தகப்பன் ஒரு போடியாரின் வயலில் வரம்பு கட்டியவர். அந்தப் பெயரை நான் உழைத்து எடுத்தேன்.

எனக்கு இன்னொரு சொத்தும் உண்டு. சிங்களம். பதினாறு வயதில் லொறியில் ஏறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் மூட்டை சுமந்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டிப் பழகிய பாஷை. யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் ஆமிச் சோதனைச்சாவடியில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, நான் பேசுவேன். இரண்டு தடவை அந்தப் பாஷைதான் என்னை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு தடவை என்னோடு லொறியில் வந்தவனை விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி வைத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். அவன் வரவில்லை.

அதன் பிறகு ஊரில் சிங்களத்தில் எந்த அலுவல் என்றாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். பொலிஸ், ஆஸ்பத்திரி, மாவட்டக் கச்சேரி, எங்கே என்றாலும் நான் போய்ப் பேசி முடித்துக் கொடுப்பேன். ஆனால் ஒரு விஷயம் என் மனிசியைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தப் பாஷையில் எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யாராவது கடிதம் கொண்டுவந்தால், கண்ணாடி இல்லை, வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். ஆலைக்கு அரிசி ஏற்ற வரும் சிங்கள லொறிக்காரரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அடுத்த நாள் நானே வாசித்ததுபோல விளக்கம் சொல்வேன். இருபது வருஷம் இப்படி ஓடியது.

அந்த வருஷம் தவணை தொடங்கியும் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வரவில்லை. அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடப்புத்தகங்கள்தான். கடதாசி இல்லை, அச்சடித்து முடியவில்லை, லொறிக்கு டீசல் இல்லை என்று மேலே இருந்து ஒவ்வொரு காரணமாக வந்தது. அதற்கு மறுகா ஒரு நாள், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு களஞ்சியத்தில் புத்தகம் இறங்கியிருக்கிறது, நீங்களே வந்து எடுங்கள் என்று பள்ளிக்கூட அதிபருக்கு ஃபோன் வந்தது. மழை விடாமல் பெய்து வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை ரோட்டெல்லாம் வெள்ளம். லொறி போகாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஏழு வருஷமாக இருக்கிறவன் நான். உழவு மெஷினையும் அதன் இழுவைப் பெட்டியையும் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏற்றிக்கொண்டு நானே புறப்பட்டேன். அதிபரும் வந்தார். புதிதாக வந்த பெண் அதிபர், கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர். அதிபராகி வந்த பிறகும் ஊரில் அவரை டீச்சர் என்றுதான் சொல்வோம்.

களஞ்சியத்தில் தமிழ், வரலாறு, சமயம் எல்லாம் கட்டுக்கட்டாக இருந்தன. பத்தாம், பதினோராம் வகுப்புக் கணிதமும் விஞ்ஞானமும் இல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டியவர்கள். களஞ்சியப் பொறுப்பாளர் வெளியூர்க்காரர், சிங்களம் மட்டும்தான் பேசினார். நான் முன்னுக்குப் போய்க் கேட்டேன். மிச்சம் கொழும்பில் ஏற்றியாகிவிட்டது, இரண்டு கிழமையில், பதினாலு நாளில், வந்துவிடும், இன்றைக்குள் ஃபைலை மூட வேண்டும், கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றார். தந்த படிவம் முழுக்கச் சிங்களம்.

டீச்சர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போடியார், இதில என்ன எழுதியிருக்கு?"

பக்கத்தில் வேறு பள்ளிக்கூட அதிபர்மார் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் படிவத்தை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, வரிக்கு வரி விரலை ஓட்டினேன்.

"எடுத்த புத்தகத்துக்குத்தான் கையெழுத்து. மிச்சம் ரெண்டு கிழமையில தாறம் எண்டு போட்டிரிக்கி. வைங்க டீச்சர்."

ஏமாற்ற நினைத்துச் சொன்னதல்ல. அந்த மனிதர் வாயால் சொன்னதுதானே கடதாசியிலும் இருக்கும் என்று நினைத்தேன். அவர் கையெழுத்து வைத்து, கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

இரண்டு கிழமை இரண்டு மாதமானது. பதினோராம் வகுப்பில் போன வருஷத்துக் கணிதப் புத்தகம் நான்கு இருந்தது. அதிலும் ஒன்றில் கடைசிப் பாடங்கள் கிழிந்து போயிருந்தன. பிள்ளைகள் அதைச் சுற்றி இருந்து கொப்பியில் எழுதினார்கள். நான் என் செலவில் பழைய விஞ்ஞானப் புத்தகம் ஒன்றில் பாதியைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தேன். இதை வேறு யாரும் செய்யவில்லை. டீச்சர் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. புத்தகங்கள் யாவும் ஒப்படைக்கப்பட்டுவிட்டன, அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் எங்களிடம் இருக்கின்றன, குறைவு இருந்தால் பாடசாலைதான் பொறுப்புக் கூற வேண்டும் என்று.

ஊர் சும்மா இருக்குமா. டீச்சர் புத்தகத்தைப் பழைய கடதாசிக் கடைக்குப் போட்டுவிட்டார் என்று கதை கிளம்பியது. விஞ்ஞானப் புத்தகத் தாளில் வடை சுற்றி வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியம் பண்ணினார். வடை எத்தனையாம் பாடத்தில் சுற்றியிருந்தது என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பெற்றோர் சிலர் மேலிடத்துக்கு மனு அனுப்பினார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அரச உடைமை காணாமற்போனது பற்றி அதிபர் மீது விசாரணை.

விசாரணை. அந்தச் சொல்லைக் கேட்டதும், லொறியில் என்னோடு வந்து திரும்பாதவன்தான் ஞாபகத்துக்கு வந்தான். இந்தக் காலத்து விசாரணை வேறு என்று எனக்குத் தெரியும். மேசை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்துக் கேட்பார்கள். புத்திக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் ஆலையின் பின்பக்கத்துக்குப் போய்விடுவேன். சோறு இறங்காது. உமி பறக்கும் சத்தத்துக்குள் இருந்தால்தான் கொஞ்சம் ஆறுதல். யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது அல்லவா.

டீச்சர் ஆலைக்கே வந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. நான் மெஷினை நிற்பாட்டினேன்.

"போடியார், நீங்க வாசிச்சீங்கதானே. மிச்சம் ரெண்டு கிழமையில எண்டு அதில இருந்ததுதானே?"

என் வாய் என்னைக் கேட்காமலே ஓம் என்றது.

"அப்ப அவங்க படிவத்தை மாத்திப்போட்டாங்க," என்றார். "நான் அதைத்தான் சொல்லப் போறன். கள்ளக் கடதாசி எண்டு. நீங்க சாட்சி."

அவர் போன பிறகு மெஷினை ஓட்டவில்லை. அரிசி மூட்டையில் இருந்தேன். படிவத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், முதலிலேயே எல்லாம் வந்ததாகத்தான் அதில் எழுதியிருந்திருக்கும் என்பது எனக்கு விளங்கியது. அரசாங்க ஆட்களைப் பார்த்துக் கள்ளக் கையெழுத்து, கள்ளக் கடதாசி என்று டீச்சர் சொன்னால், அதை நிரூபிக்க முடியாது. புத்தகம் காணாமற்போன குற்றத்தோடு பொய்க் குற்றம் சுமத்திய குற்றமும் சேரும். வேலை போகும். பிள்ளைகள் இரண்டும் என்ன செய்யும். உண்மையைச் சொன்னால், இருபது வருஷமாக ஊர் என் வாசலில் வந்து நின்றது எதற்கு என்று கேட்பார்கள். வாசிக்கத் தெரியாமல் பொய் சொன்னவன் என்று என்னையும் உள்ளே இழுப்பார்களோ என்பது அதைவிடப் பயம்.

மனிசியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"சிங்களம் சிங்களம் எண்டு ஊரெல்லாம் பறையடிச்சீங்க. இப்ப எழுத்துத் தெரியாது எண்டு சொல்ல நாக்கு வரல்லியாக்கும்."

"உனக்கென்ன, சொல்லுவாய்."

"அந்த டீச்சர் புள்ளைக்கிட்டப் போய்ச் சொல்லுங்க கா. அவள் வந்து இங்க கேக்கிறதுக்கு முன்னம்."

போகவில்லை. நாளை, நாளை என்று விசாரணை நாள் வந்துவிட்டது.

அதிபரின் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வயதான சிங்கள அதிகாரி, மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். மற்றவர் தமிழ் பேசுகிற இளம் அதிகாரி, எழுதுவதற்கு. மாத்தயா மரியாதையானவர்தான். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது, அந்தக் காலத்திலும் மெதுவாகப் பேசியவர்களுக்குத்தான் நாங்கள் பயந்தோம். படிவத்தை மேசையில் வைத்து, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். டீச்சர் ஓம் என்றார். இளம் அதிகாரி அதில் உள்ளதைத் தமிழில் சொன்னார். பட்டியலில் உள்ள எல்லாப் புத்தகங்களையும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன். அவ்வளவுதான். இரண்டு கிழமையும் இல்லை, மிச்சமும் இல்லை.

டீச்சருக்கு முகம் சிவந்தது. "இது நான் கையெழுத்து வச்ச" என்று தொடங்கினார்.

நான் எழும்பினேன். எழும்பியதும் கதிரை பின்னுக்கு விழுந்தது. அதை எடுத்து நிமிர்த்தக் கை வரவில்லை. சிங்களத்தில்தான் வாய் திறந்தது, பழக்கதோஷம். இரண்டு சொல் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மறுகா தமிழில் சொன்னேன்.

"எனக்கு சிங்களம் பேசத்தான் தெரியும். வாசிக்க ஒரு எழுத்தும் தெரியாது. டீச்சர் கேட்டவ, நான் வாசிக்கிற மாதிரி நடிச்சன். அவ என்னை நம்பித்தான் வச்சவ. கடதாசியை ஒருத்தரும் மாத்தல்ல."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இளம் அதிகாரி சிங்களத்தில் சொல்லி முடித்ததும், மாத்தயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புத்தகம் தராமலே கையெழுத்து வாங்கினார்களா என்று என்னிடம் கேட்டார். ஓம், இரண்டு கிழமை என்று வாயால் சொல்லி வாங்கினார்கள் என்றேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சிங்களப் படிவமா கொடுத்தார்கள் என்றும் கேட்டார். மேசையில் கிடக்கிறதே என்று சொல்ல நினைத்தேன். ஓம் என்று மட்டும் சொன்னேன். மற்ற அதிபர்மார் இரண்டு பேரும் அன்று களஞ்சியத்தில் நின்றதைச் சொன்னேன். அவர்களுடைய பள்ளிக்கூடங்களிலும் புத்தகம் வரவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளிக்கு வந்தது. அவர்கள் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லி, மூன்று தடவை வாசிக்கக் கேட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். இளம் அதிகாரிக்கு அலுப்புத்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்துகொண்டேன்.

வெளியே மாமரத்தடியில் டீச்சர் நின்றார்.

"அண்டைக்கே தெரியாது எண்டு சொல்லியிருந்தா, தெரிஞ்ச ஒராளத் தேடியிருப்பன். ஆலைக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்."

அவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அதிபர் மீதான விசாரணை நின்றது. அது களஞ்சியத்தின் பக்கம் திரும்பியது. திரும்பியதும் எனக்கு ஒரு ஃபோன். மத்தியானம், சோற்றில் கை வைத்திருந்தேன். யார் என்று சொல்லவில்லை, நல்ல தமிழ்.

"போடியார், உங்கட ரெண்டு டிப்பருக்கும் மண் ஏத்துற பெர்மிட் இந்த மாசத்தோட முடியுதாம். யோசிச்சு நடங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். சோற்றைக் கோழிக்குப் போட்டேன். அடுத்த கிழமை கடிதம் வந்தது, பட்டணத்துக்கு வந்து களஞ்சிய ஆட்களுக்கு முன்னால் அதே சாட்சியை மறுபடி சொல்லும்படி. போக வேண்டாம், நெஞ்சுவலி என்று சொல்லிவிடு என்று மகன் சொன்னான். நியாயமான யோசனைதான். நெஞ்சும் உண்மையாக இடித்துக்கொண்டுதான் இருந்தது.

போனேன். ஊரில் வேறு எவனும் போயிருக்க மாட்டான். அந்தப் பொறுப்பாளர் என் முகத்துக்கு நேரே, இந்த ஆளை நான் கண்டதே இல்லை என்றார். என் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது. அன்று அவர் பேசியது, கேட்டது, நின்ற இடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். எழுத்துத் தெரியாதவனுக்கு ஞாபகம் தவறாது.

கணிதமும் விஞ்ஞானமும் பரீட்சைக்குப் பத்துக் கிழமை இருக்கும்போது வந்தன. பதினோராம் வகுப்பில் சிலர் சித்தியடைந்தார்கள், சிலருக்குக் கணிதம் போயிற்று. போனவர்களுடைய தகப்பன்மார் என் ஆலைக்கு நெல் கொண்டுவருகிறார்கள். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பொறுப்பாளருக்கு இடமாற்றம் கொடுத்ததாகக் கேள்வி. அந்தப் படிவத்தைச் சிங்களத்தில் அச்சடித்தது யார், வராத புத்தகத்தை வந்ததாக எழுதச் சொன்னது யார் என்பதற்குப் பதில் இதுவரை எங்களுக்கு வரவில்லை. டீச்சர் கேட்டு எழுதுகிறார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது, இப்போது தமிழில் வருகிறது.

என் பெர்மிட்டும் பரிசீலனையில்தான் இருக்கிறது. டிப்பர் இரண்டும் ஆலைக்குப் பின்னால் நிற்கின்றன, டயரைச் சுற்றிப் புல் ஏறிவிட்டது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் இப்போதும் எழும்பிவிடுகிறேன். ஆனால் பின்பக்கம் போவதில்லை. நின்று, யார் என்று பார்க்கிறேன்.