வெள்ளிக்கிழமையில் வந்த பச்சைத் திருநாள்

எனக்கு வாய் முந்தும். யோசனை பிறகுதான் வரும். தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம், ரொறன்ரோவில் ஓர் அயர்லாந்து விருந்தை என் தலையில் நானே தூக்கி வைத்துக்கொண்டதும் அப்படித்தான்.

அப்போது குளிர்கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எங்கள் சுப்பர்வைசர் அம்மா அயர்லாந்தில் பிறந்தவர். இலேசில் சிரிக்கமாட்டார். அவருக்காக வருஷா வருஷம் அயர்லாந்துப் புனிதர் பற்றிக்கின் திருநாளன்று எங்களில் ஒருத்தி வீட்டில் விருந்து நடக்கும். என்னையும் கூப்பிடுவார்கள். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வருவேன். உன் வீட்டில் வைப்போமா என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. வழமையாக விருந்து வைப்பவள் அந்த வருஷம் மிசிசாகாவுக்கு வீடு மாறிப் போய்விட்டாள். இந்த முறை யார் வீட்டில் என்ற பேச்சு சாப்பாட்டு மேசையில் வந்தபோது எல்லோரும் தங்கள் சாண்ட்விச்சைக் குனிந்து பார்த்தார்கள்.

"என் வீட்டில்," என்றேன்.

பொத்தான் மெஷினில் வேலை செய்தவள் சிரித்தாள். "அப்படியென்றால் நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். உன் வீட்டில் எல்லாம் கறிதானே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கறி ஒரு துளிகூட இருக்காது, அசல் அயர்லாந்துச் சாப்பாடு போடுகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன். சுப்பர்வைசர் அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னேன். என் கணவர் எழுந்துபோய்த் தமிழ்க்கடைக் கலண்டரைப் பார்த்தார்.

"நாள் பாத்தனீரே? அண்டைக்கு வெள்ளிக்கிழமை."

திக்கென்றது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சமாமிசம் கிடையாது, முட்டைகூட உள்ளே வராது. நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த சமையல் புத்தகத்திலோ அயர்லாந்துத் திருநாள் என்றால் ஆடு, உப்பிட்ட மாடு, பன்றி.

"சிநேகிதி வீட்டில சமைச்சுக் கொண்டு வரட்டே?" என்றேன்.

"கொண்டுவந்து எங்கை வைச்சுக் குடுப்பீர்? சாமிப் படத்துக்கு முன்னாலயோ?"

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்கள் சின்ன வீடு இருந்த அளவுக்கு, எங்கே வைத்தாலும் சாமிக்கு முன்னால்தான். எனக்கும் மனம் வரவில்லை. நாளை மாற்றலாம் என்றால், புனிதர் மாறமாட்டார்.

மிச்சம் இருந்தது உருளைக்கிழங்கும் கோவா என்கிற முட்டைக்கோசும். கிழங்கை மசித்து, அவித்த கோவாவும் வெங்காயத்தாளும் வெண்ணெயும் சேர்ப்பது ஒன்று, லீக்ஸ் சூப், மோரும் அப்பச்சோடாவும் விட்டு மாப் பிசைந்து சுடும் பாண். மோர் நமக்குத் தெரிந்த சாமான்தானே என்று நம்பினேன். முதல் பாண் கல்லாக வந்தது. கணவர் அதைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்று பொய் சொன்னார். விருந்தன்று அரைநாள் லீவெடுத்துச் சுட்டதுதான் பாணாக வந்தது. வீட்டில் கறி மணம் இருக்கக்கூடாதென்று அந்தக் குளிரில் யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். பாவம் அவர், ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு சுவரில் பச்சைக் கடதாசி ஒட்டினார்.

எல்லோரும் வந்தார்கள். பொத்தான்காரி நேரே மேசைக்குப் போய்ச் சட்டி மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"இறைச்சி எங்கே?" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "இது என்ன அயர்லாந்து விருந்து?"

எனக்கு முகம் எரிந்தது. உள்ளதைச் சொன்னேன். இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் வெள்ளியில் இறைச்சி சமைப்பதில்லை என்றேன்.

"எங்கள் வீட்டிலும்தான்," என்றார் சுப்பர்வைசர் அம்மா.

தவக்காலமாம். ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிகளில் அவர் இறைச்சி தொடுவதில்லை. எங்கள் ஊர் வேதக்காரரும் அப்படித்தான். தெரிந்த சங்கதி, ஆனால் வேலையிடத்தில் எங்களை அதட்டுகிற ஒருவரோடு அதைச் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவேயில்லை. திருநாள் வெள்ளியில் வந்தால் சாப்பிடலாம் என்று சில இடங்களில் தேவாலயமே விட்டுக்கொடுக்குமாம். அவருடைய தாய் அதை ஏற்றதில்லை, அதனால் இவரும் ஏற்பதில்லை. முன்பு அப்படி வந்த ஒரு வருஷம், இறைச்சியைக் கோவாவுக்கு அடியில் ஒளித்துவிட்டுப் பசியோடு வீடு போனாராம்.

"இன்றைக்கும் அப்படித்தான் செய்ய நினைத்து வந்தேன்," என்றார்.

பிறகு சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மூன்றாம் முறை கேட்கவில்லை, கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டார். பொத்தான்காரி பாணை வெட்டி வெட்டி வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். பார்த்தும் பாராததுபோல் மிச்சப் பாணையும் அவள் பக்கம் தள்ளிவிட்டேன். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"உம்மட புனிதர் கலண்டர் பாத்துத்தான் வந்திருக்கிறார்," என்று கணவர் என் காதுக்குள் சொன்னார்.

போகும்போது, கோட்டைப் போட்டபடி, எல்லோருக்கும் முன்னால் சுப்பர்வைசர் அம்மா கேட்டார்.

"அடுத்த வெள்ளி என்ன சமைப்பாய்?"

"சோறு, பருப்பு, கத்தரிக்காய்."

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

அதுவரை எங்கள் கதவைத் தட்டிய வெள்ளைக்காரர்கள் குழாய் திருத்த வந்தவர்களும் கரப்பானுக்கு மருந்தடிக்க வந்தவர்களும்தான். அடுத்த வெள்ளி அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நேரே மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.