அங்கே மரந்தானே இருக்கு

எங்கள் சித்தப்பாவுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவள் கட்டிக்கொண்டு போன இடத்தோடு சரி. இரண்டாமவன் லாரி ஓட்டுகிறான். கடைசிப் பெண் என்னைப் போல வாயாடி. நான் சொல்ல வந்தது மூன்றாவதாகப் பிறந்த தம்பியைப் பற்றி. நடக்கப் பழகுவதற்கு முன்பே ஜன்னல் கம்பியில் ஏறிவிட்டான் என்று சித்தி சொல்வாள். அதனால் அணில் என்று பேர் விழுந்தது. தலை நரைத்தும் அந்தப் பேர் போகவில்லை. வேலையும் அதற்கேற்ற வேலைதான். பெரிய பூங்காவில் மரம் கழிக்கிற ஆட்களில் மேலே ஏறுகிறவன் அவன். பட்டுப்போன கிளை, பாதைமேல் தொங்குகிற கிளை எல்லாவற்றையும் கயிறு கட்டி அறுத்து இறக்குவான். மோட்டார் ரம்பம் ஆகாது, காதை அடைக்கிறது என்பான். கைரம்பம்தான்.

கீழே நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன். வெண்கலம் என்று கூப்பிடுவோம். குரல் அப்படி. பக்கத்தில் இருப்பவனிடம் ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். மாமன் மச்சான் இருவருக்கும் ஒரு முறை உண்டு. கிளை முறிகிற நிலைக்கு வந்ததும் மேலிருந்து அணில், "விடவா மச்சான்?" என்பான். சுற்றிலும் பார்த்து, தானும் விலகி நின்று, கயிற்றை இறுக்கிப் பிடித்த பிறகு கீழிருந்து, "விடு மாப்ளே!" என்று பதில் வரும். அந்தப் பதில் காதில் விழாமல் ரம்பம் கடைசி இழுப்பு இழுக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் இப்படித்தான். ஒரு கீறல் பட்டதில்லை.

தொல்லை மரத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. அவன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைப்பதும் தள்ளுவண்டியில் கொண்டுபோவதும் அவள் பொறுப்பு. பகலில்தான் தூங்க வேண்டும். அந்த வருஷம் பார்த்து வேடிக்கை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஏரியையும் மலையையும் மேலிருந்து சுற்றிக் காட்டுகிற கம்பெனி. வெளியூர்க்காரர்கள் ஏறிப் படம் பிடிப்பார்கள். போகிற வழி எங்கள் தெருவுக்கு மேலே. ஒன்று போய்ச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அலமாரியில் தட்டுகள் நடுங்கும். பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு, அது போனதும் "எங்க விட்டேன்?" என்று கேட்டுத் தொடர்வார்கள். சிரிப்புதான். ஆனால் என் தம்பி பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் பஞ்சு வைத்தாள், தலையணையால் மூடினாள், குளியலறையில் பாய் விரித்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு விடியற்காலை நின்றபடியே கண் அசந்து, தள்ளுவண்டியைச் சுவரில் இடித்துவிட்டாள். அதில் ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் இருந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தெருக்காரர்கள் கொதித்துப்போய்க் கூட்டம் போட்டார்கள். கம்பெனி சார்பாக ஒரு அதிகாரி வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "பறக்காம இருக்க முடியாது. வழியை வேணும்னா மாத்தறோம். பூங்கா மேல போனா யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

"இதோ, பூங்காவிலேயே வேலை பாக்கறவரு இருக்காரு. அவரையே கேளுங்க" என்று மளிகைக்கடைக்காரர் அணிலை எழுப்பிவிட்டார்.

அணிலுக்குப் பெண்டாட்டியின் வீங்கிய கண்தான் முன்னால் நின்றது. "அங்க யாரு சார் குடியிருக்கா? மரந்தானே இருக்கு" என்றான்.

எல்லாரும் கைதட்டினார்கள். மளிகைக்கடைக்காரர் முதுகில் தட்டி, "அணிலு, நீதாண்டா தெருவுக்கே ராஜா" என்றார். நானும்தான் தட்டினேன். தான் காலையிலிருந்து மாலைவரை அங்கேதான் கிளையில் தொங்குகிறோம் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வழி மாறிய அன்று என் தம்பி பெண்டாட்டி படுத்தாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தாள். முகத்தில் களை ஏறியிருந்தது. "அண்ணி, எனக்குக் கனவெல்லாம் வந்துச்சு" என்று குழந்தை மாதிரி சொன்னாள்.

பூங்காவிலோ வேறு கதை. மேலே சத்தம் வந்தால் "விடவா" என்பது கீழே போகாது, வெண்கலத்தின் குரலும் மேலே ஏறாது. முதலில் அது போகட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு கிளைக்கு அரை நாள் ஆயிற்று. மேஸ்திரி வந்து, "என்ன, மேல தூளி கட்டித் தூங்கறானா?" என்று எகிறினார். அப்போது வெண்கலம்தான் யோசனை சொன்னான். "தொண்டை வேணாம் மாப்ளே. கயித்துலயே பேசிக்கலாம். ஒரு இழுப்புன்னா பொறு. ரெண்டு இழுப்புன்னா விடு."

சில வாரம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் காலை, நல்ல வெயில், பெரிய கிளை. கீழே கயிற்றின் வால் பெஞ்சுக் காலில் சிக்கிக்கொண்டது. மரத்துக்கு மேலேயே ஹெலிகாப்டர். வெண்கலம் கிளைக்கு நேர் கீழே குனிந்து, சிக்கை எடுக்கக் கயிற்றை வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்தான். பழைய நாளாக இருந்தால், "இருடா, சிக்கிக்கிச்சு" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அன்றும் கொடுத்திருக்கிறான். யாருக்குக் கேட்கும்? மேலே அணில் ரம்பத்தின் கடைசி இழுப்பை இழுத்தான்.

கிளை தோளில் விழுந்தது, வெண்கலம் உயிர் தப்பினான். தோள்பட்டை நொறுங்கிவிட்டது, வலது கை விரல்கள் மடங்கவில்லை. இனிமேல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்கிறீர்கள்? தங்கச்சி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். அன்றைக்கு ராத்திரி ஆபரேஷனுக்கு அண்ணனைத் தள்ளுவண்டியில் அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

வெண்கலம் படுக்கையிலும் வாயை மூடவில்லை. "மாப்ளே, கையைத்தான் ஒடைச்சே, தொண்டை பத்திரமா இருக்கு. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே, பாக்கறவன் நான் செத்துட்டேன்னு நெனைப்பான்" என்றான். அணில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும் பெண்டாட்டி மெதுவாகத்தான் கேட்டாள். "நான் தூங்கறதுக்காக எங்கண்ணன் கை போச்சா?"

அன்றைக்கு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மச்சான் கை திரும்பாது. அடுத்துக் கீழே நிற்கப்போகிறவன் தலையாவது தப்ப வேண்டும். அதிகாரியைத் தேடிப்போய், வழியை மாற்றுங்கள் என்று கெஞ்சினான். அவர் மறுபடியும் எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்.

"ரெண்டு பக்கமும் வேணாம் சார்" என்றான் அணில். "அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். அங்க நாங்க இருக்கோம்."

"பறக்கறது எங்க தொழில்யா. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அதைச் சொல்லுங்க. தெருக்காரங்க சம்மதிச்சா பழைய வழிக்கே திருப்பிடறோம்."

அணிலின் பெண்டாட்டி எழுந்தாள். "திருப்புங்க. எங்க வீட்டு மேலயே போகட்டும்."

மளிகைக்கடைக்காரருக்கு வந்ததே கோபம். "நீ சொல்லுவேம்மா. எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு. உன் புருஷன்தானே மரந்தான் இருக்குன்னாரு? இப்ப மரத்துக்கு வாய் மொளைச்சிருச்சா?"

சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார் அதிகாரி. புருஷனும் பெண்டாட்டியும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வேறு கை எழவில்லை. பின்வரிசையில் கட்டோடு உட்கார்ந்திருந்த வெண்கலம் இடது கையைத் தூக்கி, "என்னையும் சேத்துக்குங்க" என்றான். அறையே அதிர்ந்தது. "நீங்க இந்தத் தெரு இல்லையே பெரியவரே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் அதிகாரி.

அணில் மறுபடி மரம் ஏறுகிறான். வேறென்ன செய்வான்? கீழே புது ஆள். அவனிடம், "கூப்பிடாதே, கயித்தையும் இழுக்காதே. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி தள்ளி நில்லு" என்று சொல்லியிருக்கிறான். ஹெலிகாப்டர் தலை தெரிந்தால் ரம்பத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறான். மேஸ்திரி கத்துகிறார், வேலையை விட்டு எடுப்பேன் என்கிறார். எடுக்கட்டும் என்கிறான்.

போன வாரம் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு அத்தனை அமைதி. என் தம்பி பெண்டாட்டி தூங்குவாள் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். அவள் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"தூங்கலையாம்மா? எவ்ளோ அமைதியா இருக்கு."

"அதான் அண்ணி தூக்கம் வரல" என்றாள். "இங்க கேக்கலன்னா, அங்க பறந்துக்கிட்டு இருக்குது."