ஷட்டருக்கு அந்தப் பக்கம்

விலை சொல்வதற்கு முன்னால் மீனின் வயிற்றைத்தான் தடவிப் பார்ப்பாள் பொன்னுத்தாய். வயிறு உப்பியிருந்தால் சினை. அந்தக் கெண்டை தண்ணீர் வாளிக்குப் போய்விடும். ஒட்டியிருந்தால் தராசுக்கு. வாங்க வந்தவர் என்ன கத்தினாலும் சரி.

குடமுருட்டி ஆற்றை இரும்பு ஷட்டர் போட்டு மறிக்கும் ரெகுலேட்டர் பாலத்தடியில் அவளுக்குக் கடை என்று எதுவும் கிடையாது. ஒரு சாக்கு, ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு அரிவாள்மனை, வாய். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்ததும், முட்டையிட மேலேறும் கெண்டையெல்லாம் ஷட்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். புருஷன் மருதையன் அங்கேதான் வலை வீசுவான். அட, அந்த வீட்டில் உலை கொதிப்பதே ஷட்டர் வழியை மறிப்பதால்தான்! அது அவளுக்கும் தெரியும்.

இந்தக் கூத்தெல்லாம் இந்த வருஷம்தான். மருமகள் சுடர்விழிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை, பாவம். மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்றதும், பிள்ளை பிறக்கும்வரை சினைமீனைக் கீறுவதில்லை என்று பொன்னுத்தாய் வேண்டிக்கொண்டாள். ஷட்டருக்கு மேல்பக்கத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். முதல் நாள் ஷட்டர் ஓரமாகவே கவிழ்த்தாள். மீன் ஷட்டருக்கு அடியில் இருந்த இடுக்கில் வழுக்கிக்கொண்டு நேரே மருதையன் வலைக்கு வந்து சேர்ந்தது. "ஏண்டி, எனக்கே திருப்பி அனுப்புறியா?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து மேற்கே படித்துறை வரைக்கும் நடக்கிறாள்.

"ஜிலேபி மீனுக்கு என்னங்க கவலை? முட்டைய வாயிலயே வச்சுக்கிட்டு, தேங்குன தண்ணியிலயும் பொழச்சுக்கும். கெண்டைக்கு அப்படியா? ஓடுற தண்ணியில மேல போனாத்தான் அதுக்குப் பிரசவம்" என்பாள். அவள் சாக்கில் வருஷத்துக்கு வருஷம் ஜிலேபிதான் கூடிக்கொண்டு போகிறது.

போன வெள்ளிக்கிழமை, சுடர்விழியின் தாய்வீடான கும்பகோணத்திலிருந்து மகன் பிரபு போன் செய்தான். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். பொன்னுத்தாய் மீன் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்புறம் சிரித்தாள்.

மருதையன் அப்போதுதான் பிடித்த பெரிய சினைக்கெண்டையை அவள் முன்னால் போட்டான். "வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சுல்ல, அறு. நூர்ஜஹான் அக்கா எத்தன நாளா சினை வறுவல் கேக்குறாங்க."

வாடிக்கைக்காரி நூர்ஜஹான் பையை விரித்துப் பிடித்தாள். பொன்னுத்தாய் அரிவாள்மனையில் உட்கார்ந்து, பழக்கத்தில் மீனின் வயிற்றைத் தடவினாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"சுடருக்கு ஆயிடுச்சு. இதுக்கு இன்னும் ஆவலையே, அக்கா."

கெண்டையை வாளியில் விட்டு, ஈரச் சாக்கால் மூடி, இடுப்பில் அணைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள்.