அழிக்காமல் விட்டவர்

பாலாவியில் நான் நடத்தும் தட்டச்சுக் கடையின் கணினி ஒரு கோப்பைத் திறப்பதற்குள் நான் தேநீரே குடித்து முடித்துவிடுவேன். தவறு என்னுடையதுதான். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அதனால் வருகிறவர்கள் கோப்போடு எழுத்துருவையும் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். நானும் ஒருவருக்கும் மறுக்காமல் ஏற்றிக்கொண்டே போனேன்.

கணினியைத் திருத்த வந்தவர் சிலாபத்துச் சிங்களவர். தமிழ் பேசுவார், வாசிக்க மாட்டார். எழுத்துருக்கள்தான் பாரம் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஒண்டும் வேணாம். எல்லாத்தையும் அழிச்சி உடுங்க."

அவர் தலையாட்டினார். அரை மணி நேரத்தில் கணினி பறந்தது.

அடுத்த வாரம் ஒரு பெண் வந்தார். மௌத்தாகிப்போன அவரது வாப்பா உயிரோடு இருந்தபோது அடித்துவைத்த காணி விண்ணப்பத்தை அச்செடுக்க வேண்டுமாம். கோப்பு மட்டும்தான் இருந்தது. திறந்தால் கிறுக்கல். என் அவசரப் புத்தியைத் திட்டிக்கொண்டே தேடினேன். ஒரு மூலையில், நான் உருவாக்காத கோப்புறை ஒன்று. எழுத்துருக்கள் அத்தனையும் அதற்குள் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஆறாவதில் வாப்பாவின் பெயர் தெளிவாக வந்தது. அந்தப் பெண் விரலால் திரையைத் தொட்டார்.

அன்றே சிலாபத்துக்கு அழைத்து நன்றி சொன்னேன். சொன்னபடி ஏன் அழிக்கவில்லை என்றும் கேட்டேன்.

"எனக்கு அது வாசிக்கத் தெரியாதுதானே," என்றார். "வாசிக்கத் தெரியாதத நான் எப்பிடி அழிக்கிற?"