மரச்சீனித் தோலும் சிவந்த ஈறும்

"சாரே, எனக்க ரெண்டு ஆடும் சாவப்போவுது. ஒண்ணு வேகம் வாருங்க."

குழித்துறைக்குப் பக்கத்திலிருந்து லீலா என்ற பெண் போன் செய்தபோது காலை பதினொரு மணி. நான் கால்நடை மருத்துவராகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வருகிற காலம் அது. பைக்கில் பத்து நிமிஷத்தில் போய்விட்டேன்.

கிடா தரையில் கிடந்தது. வாயில் நுரை, வயிற்றில் உப்பல், மூச்சு வாரி வாரி இழுத்தது. சினை ஆடு நின்றபடி தள்ளாடியது. கிடாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு நல்ல சிவப்பு. ஆக்சிஜன் குறைந்தால் நீலம் பாய்ந்திருக்குமே, இது வெறும் வயிற்று உப்புசம் என்று முடிவு கட்டிவிட்டேன். என்ன தின்றது என்று கேட்கக்கூட இல்லை. எண்ணெய் புகட்டி, வயிற்றில் ஊசி குத்திக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.

லீலா பொறுக்க முடியாமல் கேட்டார்: "சாரே, மூச்சு எடுக்குதுல்லா? பின்ன எதுக்கு இப்பிடி முட்டுது?"

என் கை நின்றுவிட்டது.

"காலையில என்ன தீனி போட்டிய?"

"மரச்சீனித் தோலு. எப்பவும் ஒரு நாள் வெயில்ல உணக்கிப் போடுவேன். இண்ணைக்கு மழை பெஞ்சுதுல்லா, பச்சையாட்டு போட்டேன். நாங்க திங்கிய கிழங்குதானே சாரே?"

கல்லூரியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பாடம் அப்போதுதான் புரிந்தது. மூச்சு நுரையீரலோடு முடிவதில்லை. ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை ஒவ்வொரு செல்லும் வாங்கி, தீனியிலிருந்து வந்த சர்க்கரையைச் சிறுகச் சிறுக எரித்துச் சக்தி எடுக்க வேண்டும். அது மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிற வேலை. பச்சை மரவள்ளித் தோலிலிருந்து வரும் சயனைடு, அங்கே ஆக்சிஜனை வாங்கும் என்சைமைப் பிடித்து நிறுத்திவிடும். வாசல்வரை வந்த ஆக்சிஜன் ரத்தத்தோடு அப்படியே திரும்பிப் போகும். ஈறு அத்தனை சிவப்பாக இருந்தது அதனால்தான்.

பையின் அடியில் ஹைப்போ இருந்தது. சயனைடை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதைக் கரைப்பதற்குள் கிடா போய்விட்டது. சினை ஆட்டின் கழுத்து நரம்பில் ஏற்றினேன். அரை மணி நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்லத் தள்ளாட்டம் நின்றது. பிறகு வேலியோரத்துப் பலா இலையைக் கடித்தது.

லீலா செத்த கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாந்தானே கொன்னேன் சாரே?"

தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெட்கமாக இருந்தது.

"தோலு போட்டது நீங்க. கேக்காம கால் மணிக்கூர் நேரத்தைக் களஞ்சது நான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஊசியை எடுக்குமுன் தீனி என்ன என்று கேளுங்கள். சிவப்பைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். ஹைப்போவைப் பையின் மேலேயே வையுங்கள்.

மறுமாதம் லீலா போன் செய்தார். ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது.

"இப்பம் உணக்கித்தான் போடியேன் சாரே."

"நானும் இப்பம் தீனி என்னண்ணு கேட்டுட்டுத்தான் ஊசி குத்தியேன்," என்றேன்.