மூன்றாம் தரம் கேட்பவர்கள்

எங்கள் வேலணைத் தீவில் யார் வீட்டுக்குப் போனாலும், முதல் தரம் கேட்கும்போது தேநீர் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்ட பிறகு, "சரி, அரைக் கோப்பை" என்று இறங்கலாம். என் தங்கை இதில் தேர்ந்தவள்.

லண்டனிலிருக்கும் கணவரிடம் போய்ச் சேர, விசாவுக்கான தேர்வில், கொழும்பில் அவள் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டியிருந்தது. முதல் முறை தவறிவிட்டாள். "அங்கே போய் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று சோதகர் கேட்டிருக்கிறார். "நத்திங்" என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார் என்று சிரித்தபடி காத்திருந்திருக்கிறாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இன்னொரு தரம் தவறினால், பிரிவு இன்னும் நீளும்.

'வேண்டும்' என்று சொல்ல அவள் வாய்க்கு வரக்கூடிய ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி, என் பத்திரிகை வேலைக் காலத்து ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியோடு வேலணையில் அவள் குசினிக்குப் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"'வாண்ட்' எண்டால் முதல்ல ஆசை இல்லை. குறை. ஒண்டு இல்லாமல் இருக்கிறது," என்றேன்.

"பிறத்தியாரிட்டப் போய் என்ர குறையைச் சொல்லுறதே?"

"'டிசயர்' லத்தீன். நட்சத்திரத்தோட தொடர்பு எண்டு சொல்லுகினம், நிச்சயமில்லை."

"வானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து நோகுது அண்ணை. வேற சொல்லுங்கோ."

ஏங்குவதைச் சொல்லும் 'லோங்' முதலில் நீளுதல், காலம் நீண்டு தெரிவது என்றேன். அவள் மீனை இரண்டாம் தரம் கழுவினாள்.

"'கிரேவ்' இப்ப சொக்லேற்றுக்கு ஏங்கிறதுக்குச் சொல்லுறது. பழைய காலத்தில, உரிமையோட கேக்கிறது."

"உரிமையோடயோ?"

"ஓம். அங்க சொல்லிப்போடாதை, சிரிப்பினம்."

"சிரிச்சால் சிரிக்கட்டும்."

இரண்டாம் முறை தேர்வில் அதையே சொல்லியிருக்கிறாள். கணவரோடு இருப்பதை 'கிரேவ்' பண்ணுகிறேன் என்று. சோதகர் சிரித்தாராம், பிறகு, ஏன் அந்தச் சொல் என்று கேட்டாராம். அகராதி சொன்னதையும் தன் கதையையும் சேர்த்து, தெரிந்த ஆங்கிலத்தில் நேரம் முடியும்வரை பேசியிருக்கிறாள். தேறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று மைத்துனர் கைபேசியில் அழைத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்ச உமக்கு என்ன வேணும்? சொல்லும், வாங்கி வைக்கிறன்."

"ஒண்டும் வேண்டாம்."

சோதகரிடம் சொன்ன அதே 'நத்திங்'. ஆனால் அவரும் இந்தத் தீவுக்காரர். இன்னொரு தரம் கேட்டார். வேண்டாம் என்றாள். மூன்றாம் தரமும் கேட்டார்.

"யன்னலுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கு ஒரு கதிரை," என்றாள். "நீங்கள் வேலையால வாறது எனக்குத் தெரியோணும்."